இடது முழங்காலுக்கு ஜெபம்

டெல்வின் ஹெயர்ஸ்டனிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரு கேக்கச் சொன்னா?" என்பான். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். முடி வெட்டப் போனால் வாசலைப் பார்த்த நாற்காலி காலியாகும்வரை காத்திருப்பான். புதிதாக வந்தவர்கள் திமிர் என்று நினைக்கிறார்கள். திமிர் இல்லை, சூடு கண்ட பூனை.

நானும் அவனும் ஒரே தெரு, ஒரே சபை, மிசிசிப்பியில் ஒரே கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. அவனுக்கு முன்னால் போய் எதிரில் வருகிறவனை முட்டித் தள்ளுவது என் வேலை. மறுநாள் பத்திரிகையில் அவன் படம் வரும். அதன் ஓரத்தில் என் பின்பக்கம் தெரியும். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசி வருடம் பயிற்சியில் அவனுக்கு இடது விலாவில் விரிசல் விட்டது. கட்டுப் போட்டுவிடும் வாஸுக்குத் தெரியும், கோச்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வெளியே யாரும் மூச்சு விடக்கூடாது என்று கோச் சொல்லிவிட்டார். காயம் தெரிந்தால் எதிரணி அங்கேயே அடிக்கும். இந்த ஆட்டத்தில் அது எழுதாத சட்டம். ஆனால் அந்தச் சனிக்கிழமை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அணியில் முதல் பந்திலிருந்தே அத்தனை பேரும் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து அவன் இடது விலாவில்தான் இறக்கினார்கள். மேலே விழுந்து கிடந்த ஒருவன் காதோடு கேட்டானாம்: "விலா எப்படி இருக்கு தம்பி? இடதுதானே?"

அன்று முதல் அவன் கண்ணுக்கு யாருமே நல்லவன் இல்லை. எனக்கு அவனுக்கு மாற்றாக இருந்த கெட்ரிக் மேல் சந்தேகம். டெல்வின் படுத்தால் பந்து அவன் கைக்குத்தான் போகும். உடை மாற்றும் அறையில் அவனை மூலையில் நிறுத்திக் கேட்டேன். அவன் கூசவே இல்லை.

"ஆமாண்ணே, அவரு இடம் எனக்கு வேணும்தான். அதுக்கு வேகமா ஓடுவேன். போன் போட்டுக் கோள் சொல்ல மாட்டேன்."

டெல்வினுக்கோ வாஸ் மேல். "அவன் மச்சினன் ஆத்துக்கு அந்தப் பக்கம் கடை வச்சிருக்கான் தெரியுமா?" என்பான். ஒரு நாள் ஷூவைக் கட்டிக்கொண்டே என்னையும் ஒரு பார்வை பார்த்தான்.

"நீயும் அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தே, குண்டா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான்கு வருடமாக அவனுக்காக அடிவாங்கியவன். "இன்னொரு தடவை சொன்னே, மிச்சம் இருக்கிற விலாவையும் நானே உடைப்பேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவன் அம்மா, ஊரே மிஸ் எர்லீன் என்று கூப்பிடுகிறவள், எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் வெட்டும் ஆலையில் வேலை. இரண்டு மணிக்கட்டிலும் எப்போதும் கட்டு இருக்கும். அப்படியும் சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி, கீரை, சோள ரொட்டி என்று மேசை நிறைந்திருந்தது. நடுவில் போன் அடித்தது. கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"ஆமா ஒடெஸ்ஸா, விலா ஆறிட்டு வருது, ஸ்தோத்திரம். இடது பக்கம்னு குறிப்பாச் சொன்னோம், ஆண்டவரும் குறிப்பாத் தொட்டாரு."

போனை வைத்துவிட்டு மகனைப் பெருமையாகப் பார்த்தாள். "உனக்காக எத்தனை பேரு தெரியுமாடா? நான் நம்ம சபை ஒடெஸ்ஸாகிட்ட சொன்னேன். அவ ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காகிட்ட சொன்னா. அந்த அக்கா அவங்க சபைல சொன்னா. சங்கிலி மாதிரி போகுது. மூணு ஊரு முழங்கால் போட்டுச்சு உன் விலாவுக்கு!"

டெல்வின் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் சிரித்துவிடுவேன்.

காரில் ஏறியதும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடுடா, இனிமே வெளிய சொல்ல வேணாம்னு" என்றேன்.

"சொன்னா என்ன ஆகும்? தன் ஜெபத்தாலதான் புள்ளை அடிவாங்கினான்னு சாகிற வரைக்கும் அழுவா."

"அப்ப வாஸ்கிட்டயாவது மன்னிப்புக் கேளு."

"நீ முதல்ல கெட்ரிக்கிட்ட கேளு. நீதானே அவனைச் செவுத்துல சாத்தினே."

விலா ஆறியது, மனசு ஆறவில்லை. பருவத்தின் கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு கல்லூரியோடு. அதைப் பார்க்கத் தொழில்முறை அணிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. டெல்வினைப் பார்க்கத்தான். பிடித்துப்போய்ச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால் மிஸ் எர்லீன் மீன் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். அந்த வாரம்தான் பயிற்சியில் அவன் விழுந்தான். சட்டென்று எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு சிரித்தான். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் படியிறங்கும்போது வலது காலை மடக்காமல், கைப்பிடியைப் பிடித்து இறங்கியதை நான் பார்த்தேன்.

"எந்தக் கால்டா?"

"யாரு கேக்கச் சொன்னா?"

மறுநாள் எல்லார் முன்னாலும் மேசையில் ஏறி உட்கார்ந்து இடது முழங்காலை நீட்டினான். "லேசா வலிக்குது, ஆடிடுவேன்" என்றான். வாஸ் வெள்ளைப் பட்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். பிறகு கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பட்டை கிழிக்கிற சத்தம். கதவுக்கடியில் தெரிந்தது அவன் ஷூ. வலது காலைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். எங்கள் சபையில் ஒவ்வொருவராக எழுந்து ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல விருப்பமில்லாதவர்கள் கையை மட்டும் தூக்குவார்கள். "சொல்லாத குறிப்பு" என்பார் பாஸ்டர். அது என்னவாயிருக்கும் என்று கூட்டம் முடிகிறவரை சபையே மண்டையை உடைத்துக்கொள்ளும். மிஸ் எர்லீனுக்கு அந்த வழக்கமே கிடையாது. பல்வலியைக்கூட எந்தப் பல் என்று சொல்கிறவள்.

எழுந்து நின்றாள். "என் மகனோட இடது முழங்கால். சனிக்கிழமைக்குள்ள ஆண்டவர் தொடணும். இடது."

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் டெல்வின் தலையைக் குனிந்திருந்தான். கண் மட்டும் குனியவில்லை. குறிப்பு யார் யார் காதில் விழுகிறது என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் அவனை வெளியே மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உங்கம்மாகிட்டயே பொய்யா? மேல இருக்கிறவருக்கு எந்தக் கால்னு தெரியாதாடா?"

"அவருக்குத் தெரியும். அந்த ஐம்பத்து நாலாம் நம்பருக்குத் தெரியாம இருந்தாப் போதும்."

ஐம்பத்து நாலு எதிரணியின் முக்கியமான அடிக்காரன். மாடு மாதிரி இருப்பான்.

"வாஸ்கிட்டயாவது சொல்லு. கால் போயிடும்."

"சொன்னா உக்கார வச்சிடுவாரு. வர்றவங்க கெட்ரிக் ஓடறதைப் பார்த்துட்டுப் போவாங்க. எங்கம்மா கையைப் பார்த்தேல்ல? இன்னும் எத்தனை வருஷம் மீன் வெட்டணும்?"

"அதுக்கு அவ ஜெபத்தையே தூண்டில்ல மாட்டுவியா?"

"ஊரு முழுக்கப் போற செய்தி. எனக்கும் ஒரு தடவை உதவட்டுமே."

எனக்கு அவனை அறையத் தோன்றியது. கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

சனிக்கிழமை அவன் கணக்குத் தப்பவில்லை. ஐம்பத்து நாலு முதல் பந்திலிருந்தே இடது காலைத்தான் தேடிப் பாய்ந்தான். குவியலுக்கு அடியில் யார் யாரோ அந்த வெள்ளைப் பட்டையைப் பிடித்துத் திருகினார்கள். டெல்வினுக்கோ அது நல்ல கால். வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்து ஓடினான். ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு சின்னச் சிரிப்பு. இடைவேளைக்குள் இரண்டு தடவை எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டான். படிக்கட்டு வரிசையில் தொப்பி போட்ட அந்தத் தொழில்முறை அணி ஆட்கள் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே சபலம் வந்துவிட்டது: பொய்தான் என்றாலும் பலிக்கிறதே.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஐம்பத்து நாலை நான் மல்லாத்தியிருந்தேன். டெல்வினுக்கு முன்னால் வெறும் புல். பக்கத்தில் ஒருவனும் இல்லை. திரும்புவதற்காக வலது காலை ஊன்றினான். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. யாரும் தொடவில்லை. தானாக விழுந்தான்.

வாஸுக்கு முன்னால் மிஸ் எர்லீன் வந்துவிட்டாள். கம்பியைத் தாண்டி எப்படி வந்தாளோ, தொப்பி எங்கே போயிற்றோ. புல்லில் மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து சபையில் தடவும் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். இடது முழங்காலின் வெள்ளைப் பட்டை மேல் ஊற்றி, கட்டுப் போட்ட இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"ஆண்டவரே, இந்தக் கால்... இந்தக் காலை..."

"அம்மா."

"பேசாதேடா. ஆண்டவரே, இந்த இடது முழங்காலை..."

"அம்மா, அந்தக் கால் இல்ல."

அவள் கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். வேறு பக்கமாகத் திரும்பிக் கிடந்த வலது பாதத்தைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் இடதுன்னு சொன்னே?"

அவன் கண் தன்னை அறியாமல் எதிரணி நின்ற பக்கம் போயிற்று. அங்கே ஐம்பத்து நாலு தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு டெல்வினுடைய இடது காலையே குழப்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் எர்லீன் அவனைப் பார்த்தாள். மறுபடி மகனைப் பார்த்தாள். மீன் ஆலையில் வேலை செய்கிறவள். தூண்டில் தெரியாதவள் இல்லை.

"அப்ப உன் விலா..." என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நான்தானாடா?"

"இல்லம்மா" என்றான் டெல்வின். ஒரு நாளும் அவன் பொய் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

அந்த முழங்காலை ஆஸ்பத்திரியில் திறந்து மூடினார்கள். ஓடுகிற கால் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தொப்பி ஆட்கள் அன்றே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மிஸ் எர்லீன் திங்கட்கிழமை ஆலைக்குப் போனாள். மகனுக்குச் சோறு போட்டாள், தலையணை வைத்தாள், பேசவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

புதன்கிழமை கூட்டத்துக்கு வந்தாள். குறிப்புகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவள் முறை வந்ததும் எல்லாரும் அவள் எழுந்து நிற்பதற்குக் காத்திருந்தார்கள். அவள் எழவில்லை. கட்டுப் போட்ட கையை மட்டும் தூக்கினாள்.

பாஸ்டர் "சொல்லாத குறிப்பு" என்றார். ஜெபத்தில் ஒளித்துப் பேச அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

பின்னால் ஊன்றுகோல் தரையில் உரசுகிற சத்தம். டெல்வின் முன் பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றான். வியர்த்திருந்தது. சபையை ஒரு சுற்றுப் பார்த்தான், அதே சந்தேகப் பார்வை. அப்புறம் அம்மாவின் முதுகைப் பார்த்தான்.

"வலது முழங்கால்" என்றான். "எங்கம்மா கேட்கிறது அதைத்தான். வலது. சிஸ்டர் ஒடெஸ்ஸா, உங்க அக்காகிட்டயும் சொல்லுங்க. அந்தப் பக்கம் எல்லாருக்கும் சொல்லுங்க."

மிஸ் எர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை. சிஸ்டர் ஒடெஸ்ஸா எழுந்து, பாஸ்டர் அறையில் இருந்த போனை நோக்கி நடந்தாள்.