வெள்ளை பூசிய பெயர்

டிப்பெக்ஸ் மணத்துக்கு இன்றும் எனக்குக் கோபம் வரும். எழுத்தை மூடுகிற அந்த வெள்ளைக் குழம்பை யார் எங்கே திறந்தாலும் சரி, டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் எங்கள் சமையலறை, அப்பா, அந்த ஒற்றைத் தாள்.

இலங்கையில் போர் முடிந்த வருடத்தின் தை மாதம். எனக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள். ஒருகாலம் ஜெர்மன் எல்லை எங்கள் நகரத்துக்குச் சற்றுத் தெற்கே கிடந்ததாம். அந்த எல்லைக்காலத்துக் குடிசனக் கணக்கேடுகளைப் புரட்டினோம். பக்கத்தில் இருந்தவள் தன் பாட்டனின் பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவர் வீட்டு வேலைக்காரிக்கும் ஒரு வரி இருந்தது. கோழிகளைத்தான் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

என்னிடம் இருந்தது ஒரே தாள். வன்னியிலிருந்து அப்பாவின் தங்கை, என் மாமி, அனுப்பிய குடும்பப் பதிவின் பிரதி. அப்பாவின் கோப்புக்குள் இருந்து எடுத்தேன். மாமா, மாமி, கலியாணம் முடித்த மச்சாள். மாமியின் கடைசி மகனைக் காணோம்! தொலைபேசியில், "என்னடி டென்மார்க்காரி, சோறு தின்னுவியோ, பாண் மட்டுமோ?" என்று என்னைச் சீண்டுகிறவன். மறந்துவிட்டார்கள் போலும். நீலப் பேனையால் அவன் பெயரைச் சேர்த்தேன்.

அப்பா கண்டார். அறைந்தார்.

"ஆரடி உன்னை எழுதச் சொன்னது? அவன்ரை பேர் ஒரு இடத்திலையும் இருக்கக் கூடாது!"

டிப்பெக்ஸைப் பூசினார். ஊதி ஊதிக் காயவைத்தார்.

அங்கே இயக்கத்தார் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் போருக்குக் கேட்டார்கள், அதுவும் பதிவைப் பார்த்தே கேட்டார்கள், அவனை எழுதாதே என்று தங்கைக்குச் சொன்னதே அப்பாதான். இதில் ஒன்றைக்கூட அப்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. யாரோ ஒருவரின் தொலைபேசியில் அகதி முகாமிலிருந்து மாமி அழுதா.

"அண்ணை, அவனைக் காணேல்லை. பதிவில இல்லாத பிள்ளையை எப்பிடித் தேடுறதெண்டு கேக்கிறாங்கள்."

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டு, அப்பா அந்தத் தாளை எடுத்தார். காணாமற்போனவர்களைத் தேடித்தரும் அலுவலகத்துக்குப் போகிறாராம். வெள்ளையை நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகியிருந்தது. பேனையை நீட்டினார்.

"பக்கத்தில எழுதிவிடு பிள்ளை. உன்ரை எழுத்து வடிவு."

வேலைக்காரிக்குக் கிடைத்த அந்த ஒரு வரியைத்தான் அவர் என்னிடம் கேட்கிறார் என்று விளங்கவில்லை. கன்னத்தில் விழுந்த அறை மட்டுமே எனக்குள் இருந்தது. கார்க் கதவைத் திறந்துகொண்டு சொன்னேன்:

"அழிச்ச நீங்களே எழுதுங்கோ."