ஒட்டாமல் விட்ட நாலு விரல்

திரைச்சீலைக் கடையிலிருந்து அளவெடுக்க வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலைப் பட்டு நூலால் சுற்றிக் கட்டியிருந்தார்.

செவிலிமேட்டில் நான் குடியிருப்பது வாடகை வீடு. தெருவில் யார் போனாலும் என் இரண்டு நாய்களும் ஜன்னலில் ஏறிக் குரைக்கும். மூன்று திரைகளைக் கிழித்தாயிற்று. குரைப்பு நிற்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. நாய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவற்றின் உயரத்துக்குக் குனிந்து, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

"எந்தத் துணி போட்டாலும் கிழிக்கும்மா. கண்ணாடியில கீழ்ப்பாதிக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினா தெரு தெரியாது. கத்தாதுங்க."

"அதையே ஒட்டிடுங்க."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. இதே மாதிரிதான் ஒட்டினேன். கத்துறத வுட்டுடுச்சு. அப்புறம் சுவத்தப் பாத்துக்கினே படுத்துக்கினு இருக்கும்."

"அப்ப நான் என்னதாங்க பண்றது?"

வீடு போய்விடுமே என்று ஒட்டவே சொன்னேன்; அவர் டேப்பை எடுத்து ஜன்னல் கண்ணாடியை அளந்துகொண்டார்.

மறுநாள் வந்து ஒட்டினார். அவர் போன பிறகுதான் பார்த்தேன், ஓரத்தில் நாலு விரல் அகலம் ஒட்டாமல் இருந்தது. பெரிய நாய் அங்கே ஒரு கண்ணை வைத்துக் குரைத்துக்கொண்டிருந்தது. போனில் கேட்டதற்கு, "அளவு தப்பிடுச்சு போலம்மா. ஸ்டிக்கர் துண்டு ஒண்ணு மேசை மேல இருக்குது பாருங்க," என்றார்.

நேற்றும் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அந்தத் துண்டை எடுத்து இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. ஒட்ட மனம் வராமல் திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டேன். அந்த மனிதர் எனக்கு நல்லது செய்தாரா என்று இன்னமும் சொல்லத் தெரியவில்லை.