அகலப் பலகைக்காரன்

துபாய் லைசென்ஸை ஆறாவது டெஸ்டில் வென்றான். லிவா பாலைவன மணலில் புதைந்து கிடந்த காரை, இழுவை வண்டி வருவதற்குள் தானே வெளியே எடுத்து, பந்தயம் கட்டிய டிரைவர்கள் அத்தனை பேரிடமும் பிரியாணி வென்றான். கூரைக்குள் குளிரூட்டி உண்டாக்கிய பனிச்சரிவில் ஊழியர்களுக்கு வைத்த போட்டியில், மலையிலேயே பிறந்த நேபாளத்துக்காரர்களுக்கு நடுவே இரண்டாவதாக வந்து ஒரு சுவர்க்கடிகாரம் வென்றான். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, முப்பது வயதுவரை பனியைக் கண்ணால் பார்த்திராத ஒருவனுக்கு இதுவே அதிகம் என்றார்கள் அறையில் இருந்தவர்கள். சோலைமுத்துவுக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் அந்தக் குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில், அல் ஐனுக்கு வெளியே உள்ள மணல்மேட்டில், காலில் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான்.

ஒட்டகம் மேய்க்கும் பட்டாணி ஒருவர் அவனை வாராவாரம் பார்ப்பார். முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம், மேட்டின் அடியில் டீ ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அண்ணன் வீரபாண்டியிடம் வந்து, "பாய், இவருக்கு உடம்புக்கு ஏதாவது?" என்று இந்தியில் கவலையோடு விசாரித்தார். மூன்றாம் வாரம் அவரும் ஒரு கப் டீ வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பலகைகளும் சாதாரணமானவை அல்ல. ஆழப் பனிக்கென்றே செய்த அகலப் பலகைகள். நடுவில் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் மிச்சம் தெரியும். முன்நுனி அதைவிட அகலம். வள்ளத்தின் மூக்கைப்போல மேலே வளைந்திருக்கும். ஆஸ்திரியாக்காரர் ஒருவர் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, விமானத்தில் எடைக்குக் கட்ட மனமில்லாமல் பூட்ஸோடு சேர்த்து அவற்றைப் பனிச்சரிவின் சாமான் அறையில் விட்டுப் போனார். கூரைக்குள் இருக்கும் இறுகிய பனிக்கு அந்த அகலம் உதவாது என்று யாரும் தொடவில்லை. சோலைமுத்து கேட்டான், எடுத்துக்கொள் என்றார்கள்.

அந்தச் சாமான் அறையில்தான் அவனுக்கு டூட்டி. பாலைவனத்துக்குச் சுற்றுலாக் கார் ஓட்டிய கம்பெனி மூடிய பிறகு கிடைத்த வேலை. வாடகைக்குப் போய் வரும் பூட்ஸ்களுக்கு மருந்தடித்துக் காயவைக்க வேண்டும். "வெள்ளக்காரன், அரபி, சீனாக்காரன், எல்லாக் காலும் ஒரே வாசந்தான்ணே. நான் மோந்து பாத்துட்டேன்" என்பான். பூட்ஸின் கொக்கியைக் கழற்றும் விதத்தை வைத்தே, போட்டிருந்தவர் விழுந்தாரா, எத்தனை தடவை விழுந்தார் என்பதையும் சொல்வான். டூட்டி முடிந்ததும் ஊழியர்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் தானும் விழுந்து விழுந்து சறுக்கப் படித்தான்.

அறையில் பலகைகளை நிறுத்த இடமில்லை. கட்டிலுக்கடியில் குறுக்காகத் தள்ளி வைத்தாலும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கட்டில் முகம்மது யூசுப், கீழக்கரைக்காரர், தினமும் அதில் கால் இடித்துக்கொள்வார்.

"டேய் சோலை, இதுல ஒன்ன வாசல்ல போட்டா நாலு பேரு உக்காந்து கஞ்சி குடிக்கலாம்டா."

"உக்காருங்க மச்சான். பனி மேல போட்டாலும் நாலு பேரயும் தாங்கும்."

எதைப் பார்த்தாலும் சோலைமுத்து முதலில் பார்ப்பது அகலத்தைத்தான். லாரி டயர், புரோட்டா, ஒட்டகத்தின் பாதம். அண்ணனுக்கு மகன் பிறந்த சேதி வந்தபோது ஊருக்குப் போன் போட்டு, "பாதம் அகலமா இருக்கா மதினி?" என்று கேட்டவன் அவன். நிறம் என்ன, யார் ஜாடை என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

இந்தப் புத்தி மணலில் கார் ஓட்டிய காலத்தில் வந்தது. மணலுக்குள் இறங்குவதற்கு முன் டிரைவர் டயரில் காற்றை இறக்குவான். டயர் தளர்ந்து அகலமாகப் படரும். கார் புதையாமல் மேலாக ஓடும். தார்ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நிலைகொள்ளாது. இந்தப் பாடத்தில் முதல் பாதியை மட்டும் பனிமலைக்கு எடுத்துப் போனதுதான் சோலைமுத்து செய்த தவறு.

மலைக்கு அழைத்துப் போனவர், பனிச்சரிவுக்குச் சறுக்க வந்துபோகும் ரவிசங்கர். ருவைஸ் எண்ணெய் ஆலையில் இன்ஜினீயர். முன்பு கனடாவில் வேலை பார்த்தபோது பனியில் நடக்கப் பழகியவர். வருஷா வருஷம் பிப்ரவரியில், டெஹ்ரானுக்கு வடக்கே உள்ள மலைகளுக்கு வளைகுடாவில் இருக்கும் நண்பர்களைக் கூட்டிப் போவார். அங்கே அவர்கள் போகும் பக்கத்தில் மேலே ஏற்றிவிட, கம்பியில் தொங்கும் நாற்காலி கிடையாது. பலகையை மாட்டிக்கொண்டு தன் காலால் ஏறி, தன் காலால் இறங்க வேண்டும். ஒரு டிராவல்ஸ் கம்பெனி இதையே தொழிலாக நடத்த முன்வந்திருந்தது. ரவிசங்கருக்கு அடுத்தபடியாக ஒரு வழிகாட்டி வேண்டும். ஆள் சரியாக இருந்தால் கம்பெனியே விசா கொடுக்கும். சோலைமுத்துவின் லேபர் கார்டில் அதுவரை இருந்த வார்த்தை 'ஹெல்ப்பர்'. அது மாறுமா, இல்லை அவன் மறுபடி பூட்ஸுக்கு மருந்தடிக்கப் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ரவிசங்கர் பலகைகளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "இது இறங்கறதுக்குப்பா. ஹெலிகாப்டர்ல மேல கொண்டுபோய் விடறாங்க பாரு, அவங்களுக்கு. நாம ஏறிப் போறவங்க. ஒவ்வொரு அடிக்கும் இந்த வெயிட்டை நீ கால்ல தூக்கணும்."

"தூக்குறேன் சார். எங்கிட்ட இருக்கது இதுதான்."

"சரி, வா. ஆனா நீ சறுக்கிக் காட்ட வேண்டாம், அத நான் பாத்துட்டேன். ஏறிக் காட்டு. கணவாய் வரைக்கும் எங்களோட ஏறி வந்தா வேலை உனக்கு."

ஏறுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. பலகைக்கு அடியில் ரோமம் வைத்த பட்டையை ஒட்டுவார்கள். பூனையின் முதுகைத் தடவுவதுபோல முன்பக்கமாக வழுக்கும், பின்பக்கமாகப் போக விடாமல் பிடிக்கும். கடையில் கிடைத்த பட்டை இந்தப் பலகையின் அகலத்துக்குப் போதவில்லை. இரண்டு ஓரமும் மொட்டையாகத் தெரிந்தன. வீரபாண்டி அல் ஐனில் அரபிகளுக்குக் கந்தூரா அங்கி தைக்கும் கடையில் கட்டர். பட்டையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். "துணிதானடா இது" என்றார். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நடுவில் கூடாரத்து நைலான் துணியை வைத்துத் தைத்து அகலமாக்கினார்.

"நடுவுல ரோமம் இல்லாட்டிப் பரவால்லண்ணே. ஓரத்துல பிடிச்சாப் போதும்."

"பலகையோட ஓரத்து இரும்பு வெளிய தெரியணுமா, மூடணுமா?"

"தெரியணும்ணே. ஒரு நூல் தெரியணும்."

ஒரு நூல் தெரிந்தது. முதல் ஜோடி மணல்மேட்டில் ஒத்திகை பார்த்தே நாசமானது. இரண்டாவது ஜோடியை வீரபாண்டி மணல் பக்கமே விடவில்லை.

விசா மாற்ற ஈரானின் கிஷ் தீவுக்குப் போய்க் காத்துக்கிடந்தவர்கள் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஈரானுக்கு ஒருவன் ஆசைப்பட்டுப் போவது அவர்களுக்குப் புரியவே இல்லை. முகம்மது யூசுப் மட்டும் தன்னுடைய கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார். "காது பத்திரம்டா. அகலக் காது ஒனக்கு."

ஈரான் மலையில் முதல் நாள், முந்தின நாள் வெயிலில் இளகிய பனி இரவில் உறைந்து தார்ரோடுபோல இறுகிக் கிடந்தது. சரிவில் பக்கவாட்டாகக் கடக்க வேண்டிய இடம். மற்றவர்களின் ஒல்லிப் பலகைகள் ஓரத்து இரும்பால் பனியைக் கடித்துக்கொண்டு போயின. அகலப் பலகையில் அந்த ஓரம் காலுக்கு வெகு தள்ளி இருந்தது. சோலைமுத்து எவ்வளவு அழுத்தியும் கணுக்கால்தான் திருகியது, பலகை கடிக்கவில்லை. பாதிவழியில் சரிந்து, ஓடைப் பள்ளம்வரை உருண்டு போய் நின்றான். அடி ஒன்றும் இல்லை. பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டு, பூட்ஸ் முனையால் குத்திக் குத்தி அவன் ஏறி முடிப்பதற்குள், மற்றவர்கள் கணவாயைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

ரவிசங்கரின் மனைவி பிரபாவதி அவனைத் தாண்டும்போது நின்றார். அபுதாபியில் பள்ளிக்கூட டீச்சர். வாய் கொஞ்சம் துடுக்கு. "ஏன் முத்து, அது உங்களச் சுமக்கணுமா, நீங்க அதச் சுமக்கணுமா?"

ரவிசங்கர் கேலி செய்யவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நாளைக்கு நீ கீழயே இருந்துக்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம், அவர்கள் தங்கியிருந்த அடிவாரக் கிராமத்துக் கடையிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டான்.

"என்னடா, தையல் விட்டுருச்சா?"

"தையல் நிக்குதுண்ணே. நாந்தான் நிக்கல. தார்ரோட்ல காத்தடிக்காம ஓட்டிட்டேன்."

வீரபாண்டிக்கு மலை தெரியாது, தம்பியைத் தெரியும். "சரி, சாப்பிட்டியா?" என்றார்.

மறுநாள் முழுக்கப் பனி கொட்டியது. யாரும் வெளியே போகவில்லை. அதற்கடுத்த நாள் வானம் வெளுத்தது. புதுப்பனி செங்குத்தான சரிவுகளில் பெயர்ந்து வரும் என்பதால், ரவிசங்கர் சாய்வு குறைந்த ஒரு மலைமுதுகின் வழியாகச் சுற்றிப் போவது என்று முடிவு செய்தார். சோலைமுத்து தங்கிய வீட்டு வாசலில் நின்று ஊன்றுகோலைப் பனிக்குள் விட்டுப் பார்த்தான். பாதிக்கு மேல் உள்ளே போனது. ரவிசங்கரிடம் வந்தான்.

"சார், இன்னைக்கு இது மணலு. இன்னைக்கு ஒருநா வர்றேன்."

அவர் பனியைப் பார்த்தார், அவன் பலகைகளைப் பார்த்தார். "கடைசில வா. நின்னுட்டா திரும்பிடணும்."

முன்னால் போனவர்களின் பலகைகள் முழங்கால் ஆழத்துக்குப் புதைந்தன. சிறிது தூரத்துக்கு ஒருவராக மாறி மாறி வழி உழுதார்கள். கடைசியில் வந்த சோலைமுத்துவுக்கு அந்த வழியே தொல்லையாக இருந்தது. ஒல்லிப் பலகை போட்ட பள்ளத்தில் அவனுடைய அகலப் பலகை இறங்கவில்லை. இரண்டு கரையிலும் ஏறி ஏறித் தடுமாறியது. நின்றான். பிறகு பள்ளத்தை விட்டு விலகி, யாரும் மிதிக்காத பனியில் ஒரு காலை வைத்தான். கணுக்கால் வரைதான் இறங்கியது. அடுத்த காலை வைத்தான்.

வரிசையின் பக்கவாட்டில் ஒவ்வொருவராகத் தாண்டி முன்னால் வந்தபோது, ரவிசங்கர் ஊன்றுகோல்களில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் ஓரம்."

ரவிசங்கர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு முழங்கால் வரை பனி. இவனுக்குப் பூட்ஸ் தெரிந்தது. "யல்லா, போப்பா" என்று ஒதுங்கி வழி விட்டார்.

அவன் அழுத்திப் போட்ட பள்ளத்தில் மற்றவர்களின் பலகைகள் வாகாக அடங்கின. மூச்சு வாங்கியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து பிரபாவதியின் குரல் வந்தது: "முத்து, ரோடு பிரமாதம். துபாய் ஷேக் சயீத் ரோடு மாதிரி டோல் கேப்பீங்களா?"

"இந்த ஒரு தடவ ஃப்ரீ மேடம்."

எடை எடைதான். தொடை எரிந்தது, ரவிசங்கர் சொன்னதில் பொய் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் கணவாய்க்குக் கீழே நடந்தது. அங்கே காற்று புதுப்பனியைத் துடைத்துக்கொண்டு போய், அடியில் இறுகிய பழைய பனி பளபளத்தது. நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்த சோலைமுத்து தானாக நின்றான். பின்னால் திரும்பினான்.

"சார், இது தார்ரோடு. இதுல நீங்க முன்னாடி போங்க."

ரவிசங்கர் முன்னே போய், பூட்ஸாலும் பலகையாலும் படி வெட்டினார். சோலைமுத்து பலகைகளைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு, அவர் வைத்த அடியில் அடி வைத்து ஏறினான். ஆறு பேரும் ஒன்றாகக் கணவாயில் நின்றார்கள். வடக்கே மேகத்துக்கு மேல் மலைகள் மட்டும் தெரிந்தன. பிரபாவதி பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவனிடம் நீட்டினார்.

இறங்கியதைப் பற்றி அவனைக் கேட்டால் அதிகம் சொல்லமாட்டான். "சத்தமே இல்லண்ணே" என்பான். அதற்குமேல் வார்த்தை வராமல், ஒரு கையை அகல விரித்து, மேசைக்கு மேலே காற்றில் மெதுவாக வளைத்து வளைத்துக் கொண்டுபோவான். அந்தக் கையைப் பார்த்துத்தான் வீரபாண்டி பனிமலையைப் பார்த்தார். தையல் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர்கள் ஒருவர் விடாமல் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். அளவெடுக்கும்போது யாரும் எழுந்து ஓட முடியாது.

இறங்கிய மறுநாள் காலையிலும் பனி ஆழமாகவே கிடந்தது. கிராமத்தின் கடைசியில் ஒரு காவல்கூண்டு உண்டு. மேலே போகும் கூட்டத்துக்கு யார் பொறுப்போ அவர் அங்கே கையெழுத்திட்டுத்தான் போக வேண்டும். காவலர் கிழவர் வழக்கம்போலப் பேனாவை ரவிசங்கரிடம் நீட்டினார். ரவிசங்கர் அதை வாங்கி, பக்கத்தில் நின்ற சோலைமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு, தன் பலகைகளை மாட்டக் குனிந்துவிட்டார். பெற்றுக்கொண்டேன் என்றும், ஓட்டினேன் என்றும் அவன் எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஐந்து பேரைத் திருப்பிக் கூட்டிவருவேன் என்று போட்டதில்லை. சோலைமுத்து கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான். விரலை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு, மேலே இருந்த பாரசீக எழுத்துகளுக்குக் கீழே, ஒரு எழுத்தையும் சுருக்காமல் தமிழில் தன் பெயரை எழுதினான். அதன் கீழே தேதியும் போட்டான்: 24-2-2009.