சாட்சி சொல்ல எழாதவர்கள்

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு என் பொறுப்பில் இருந்தது. வயிற்றில் இரட்டை என்று தெரிந்துவிட்டால், ஏழு மாதம் முடிந்ததும் அந்தப் பெண் வார்டுக்கு வந்து படுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பிரசவம் ஆகும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. படுத்தே கிடந்தால் பிள்ளைகள் நாள் முந்திப் பிறக்காது, எடையும் கூடும் என்று நம்பினோம். வேறு பல ஊர்களிலும் அதைத்தான் செய்தார்கள்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் விழுந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன ஆய்வு செய்திருக்கிறார்களோ அத்தனையையும் தேடி எடுத்து, ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். இன்று அதற்குச் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, மெட்டா அனாலிசிஸ் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. நாங்கள் அதைக் ‘கூட்டல் வேலை’ என்றோம்.

நாங்கள் என்றால் நானும், மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும். எனக்குக் கணக்கு வராது. அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். சனிக்கிழமை மதியங்களில் பள்ளி ஆசிரியர் அறையில் உட்காருவோம். வெளிநாட்டு டாக்டர்களுக்குத் தபால் அட்டை எழுதிக் கேட்டால் கட்டுரையின் பிரதியை அனுப்பிவைப்பார்கள். மற்றதுக்கு நான் மதுரைக்குப் பஸ் ஏறி, மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வருவேன்.

வாத்தியார் ஒரு முறை வைத்திருந்தார். கட்டுரையின் முடிவுப் பக்கங்களை நோட்டுக்கு அட்டை போடும் காக்கித் தாளால் மூடிவிடுவார். ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் இருவரும் தனித்தனியாகப் படித்து, இது நம்பத் தகுந்ததா இல்லையா என்று குறித்த பிறகுதான் தாளை எடுக்க வேண்டும். முடிவு நமக்குப் பிடித்த மாதிரி இருந்தால் குறையெல்லாம் கண்ணில் படாது என்பார். நான் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

“பரீட்சையில பிட்டு அடிக்கிற பயலுக மூஞ்சி எனக்குத் தெரியாதா டாக்டரம்மா?” என்று சிரித்தார். அன்று அந்தக் கட்டுரையை நான் படிக்கக் கூடாதென்று பிடுங்கி வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபம் தீர ஒரு வாரம் ஆனது.

வேலை பாதியில் இருக்கும்போதுதான் வயிற்றில் இரட்டையோடு ஒருத்தி வார்டுக்கு வந்து படுத்தாள். பெருமாள்மலைப் பக்கம் காப்பித் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில் குடியிருப்பவள். வீட்டில் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவான். முதல் வாரம் அது ஓடி வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றது. அதற்கும் அடுத்த வாரம் அப்பன் காலைக் கட்டிக்கொண்டு, ஊசி போடும் நர்சைப் பார்ப்பது போல அம்மாவைப் பார்த்தது. எத்தனை கூப்பிட்டும் கிட்டே வரவில்லை.

மறுநாள் நான் பார்க்கப் போனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“டாக்டரம்மா, நான் இப்பிடிச் சும்மா கெடந்தா உள்ள இருக்கிற ரெண்டும் பொழச்சுக்கிருமா? நெசமாச் சொல்லுங்க. பொழைக்கும்னா கெடக்கேன். மூத்தது என்னைய மறந்தாலும் மறந்துட்டுப் போகட்டும்.”

தெரியாத விஷயத்தை யாராவது நேராகக் கேட்டுவிட்டால் எனக்கு எரிச்சல்தான் முதலில் வரும். “பாத்துச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, கையில் இருந்த கட்டுரைகளை வைத்து வாத்தியார் கூட்டிப் பார்த்தார். பெரிய ஆய்வின் சொல்லுக்கு அதிக எடை, சின்னதற்குக் குறைவு என்று நிறுத்துத்தான் கூட்டினார். படுக்கை நல்லது என்றுதான் வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளிடம் போய், படு தாயி என்று தைரியமாகச் சொல்லலாம். வாத்தியார் மட்டும் பென்சிலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை, எங்கள் மிஷன் கோயிலில் சாட்சி சொல்லும் நேரம். சுகம் கிடைத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வியாதி எப்படித் தீர்ந்தது என்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்திவிட்டு உட்காருவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வாத்தியார் என்னிடம் விறுவிறுவென்று வந்தார்.

“எந்திரிச்சவங்க பூராப் பேருக்கும் சொகமாயிருச்சு டாக்டரம்மா. நாம இதுவரைக்கும் படிச்சது எல்லாமே எந்திரிச்சவங்க சாட்சிதான். ஒக்காந்தே இருந்தவங்களை யாரு கேட்டா?”

அவர் சொல்வது எனக்கு விளங்கிவிட்டது. படுக்கையால் வித்தியாசம் தெரிந்தால் டாக்டர் கட்டுரை எழுதுவார். ஒன்றும் தெரியாவிட்டால் யார் எழுதப் போகிறார்கள், எழுதினாலும் யார் போடப் போகிறார்கள்? அன்று சாயங்காலமே தெரிந்த மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினோம். படுக்கவைத்தும் வைக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, பலன் இல்லையென்றாலும் எழுதுங்கள் என்று கேட்டோம்.

பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தலைவர் அவர்தான். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவர்தான். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நானும் ஒப்பிட்டுப் பாத்தேம்மா” என்றார். “இங்க வர்றதுக்கு முந்தி இருந்த ஆஸ்பத்திரில. ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. ஒண்ணுமில்லைங்கறதை என்னன்னு எழுதுறது?”

அடுத்த அறையிலேயே ஒருவர் சாட்சி சொல்ல எழாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்புறம் எதுக்கு சார் இங்க படுக்க வைக்கிறோம்?” என்று கேட்டேன். “எல்லாரும் வைக்கிறாங்கன்னு நானும் வச்சேன்” என்றார். அவர் சொன்ன பதிலில் பொய் இல்லை. அதனால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை. அவருடைய ஆய்வு விவரங்களை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் பதில்கள் கொஞ்சம்தான் வந்தன. வந்தவற்றில் பெரும்பாலானவை அவர் சொன்னதையே சொல்லின. அவற்றையும் காக்கித் தாள் போட்டு மூடிப் படித்து, தேறியதைச் சேர்த்துக் கூட்டியபோது, படுக்கையின் பலன் தேய்ந்து தேய்ந்து காணாமலே போனது. கெடுதல் என்றும் வரவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தது.

பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அவளிடம் போனேன். “நீ இங்க படுக்கிறதால பிள்ளைகளுக்கு நல்லதுன்னு எங்களால சொல்ல முடியலை. வீட்டுக்குப் போனா கண்டிப்பா ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்ல முடியலை. பிரசவத்துக்கு மட்டும் இங்கதான் வரணும். இருக்கியா, போறியா? ரெண்டும் உன் இஷ்டம்.”

“இதை வெள்ளனேயே சொல்லியிருந்தா நேத்து வந்த மனுசன்கூடயே போயிருப்பேனே” என்றாள். அன்று மதியப் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். பாரம் தூக்காதே, வலி கண்டால் தோட்டத்து ஜீப்பில் வெரசா வந்துவிடு என்று பஸ் வரைக்கும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் எந்த ஜீப் வந்து நின்றாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கூட்டல் சரிதான். ஆனால் பயம் கூட்டலைக் கேட்பதில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்கள் கூட்டல் முடிவை நான் கட்டுரையாக எழுதுவேனா, அல்லது நானும் எழாமல் உட்கார்ந்துவிடுவேனா என்று யோசித்துப் பார்த்தேன். 

நாள் நெருங்கித்தான் வந்தாள். பிரசவம் நல்லபடியாக ஆனது. இரண்டாவது கொஞ்சம் மெலிவு, ஆனால் அழுகை அதற்குத்தான் அதிகம்.

சில வாரம் கழித்து அவர்கள் எங்கள் கோயிலுக்கு வந்தார்கள். புருஷன் ஒன்றும் அவள் ஒன்றுமாகக் கைக்குழந்தைகள். சாட்சி நேரத்தில் அவள் எழுந்தாள்.

“டாக்டரம்மா என்னைய வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. போனதுனாலதான் ரெண்டும் பொழச்சுச்சு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

ஆண்கள் பக்கத்திலிருந்து வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியதுதான் என் மனதிலும் ஓடியது. போனதால் பிழைக்கவில்லை, தங்கியிருந்தாலும் பிழைத்திருக்கலாம், ஒருத்தியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுந்து திருத்த வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது.

அப்போது அந்த மூத்த பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் உட்கார்ந்ததும், மடியில் இருந்த தம்பியை ஒரு கையால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு தானும் ஏறிக்கொண்டது. “அம்மா, வீட்டுக்குப் போவோம்” என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள்.

நாங்கள் படித்த அத்தனை கட்டுரைகளிலும் பிள்ளைகளின் எடை இருந்தது, எந்த வாரத்தில் பிறந்தன என்பது இருந்தது. வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. நாங்களும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளைத் திருத்த நான் எழவில்லை.