விரல் முட்டியால் ஓர் அனுமதி

மாலை நாலேகால் மணிக்குச் செய்தி வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பி, ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியிலிருக்கும் மெஷின் ரூமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவேயில்லை. கூட வேலை செய்தவர் போனில் அதைச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

வீட்டில் எல்லோரும் அவனைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். வெளியே கிளம்பினால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவன்.

அவன் மகளுக்கு ஆறு வயது. தம்பி மனைவி தன் பழைய டேப்லெட்டை அவளிடம் கொடுத்த வாரமே, ஏதோ விளையாட்டில் ஒரு பண்ணை நிறையக் குதிரைகளை வாங்கிவிட்டாள். அம்மாவின் வங்கிக் கார்டு அதில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அவன் திட்டவில்லை. "இத்தன குதிரைக்கும் யாரு புல்லு போடறது?" என்று மட்டும் கேட்டான். பிறகு டேப்லெட்டை மொத்தமாக அழித்துவிட்டு, குழந்தைக்கென்று தனிக் கணக்குத் தொடங்க உட்கார்ந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். பிறந்த தேதி கேட்ட இடத்தில், கை பழக்கத்தில் தன் பிறந்த தேதியையே போட்டுவிட்டான். டேப்லெட்டும் அவளைப் பெரிய மனுஷி என்று நம்பி எல்லாவற்றையும் திறந்துவிட்டது.

தம்பி மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க, உங்க பொண்ணுக்கு நாளைக்கே வேலை தேடணும் போலிருக்கே."

"தேடிக் குடு. அவ சம்பாதிக்கட்டும், நான் வீட்ல உக்காந்து கார்ட்டூன் பாக்கறேன்."

மறுபடியும் எல்லாவற்றையும் அழித்து, சரியாகச் செய்தான். அதன் பிறகு அவள் எதை வாங்க நினைத்தாலும் கோரிக்கை அவன் போனுக்குப் போகும்; அவன் சம்மதித்தால்தான் கிடைக்கும். ஆனால் வேலையிடத்திலிருந்து பதில் அனுப்பமாட்டான். மாலையில் வாசலில் ஷூவைக் கழற்றும்போது கேட்பான்: "இன்னும் வேணுமா?"

பாதி நாள் என்ன கேட்டோம் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். மறக்காத நாளில், அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பாள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவன் விரல் முட்டியால் திரையில் ஒரு குட்டு வைப்பான். குட்டுப்பட்டது தன் தலை என்பதுபோல் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அவன் இறந்த அன்று மதியமும் ஒரு கோரிக்கை அனுப்பியிருந்தாள். படம் வரையும் செயலியில் ஒரு வாட்டர்கலர் பெட்டி.

அவனுடைய பொருள்கள் மறுநாள் ஒரு பையில் வந்தன. ஸ்பேனர்கள், டார்ச், கழுவாத சாப்பாட்டு டப்பா, போன். சார்ஜில் போட்டதும் அந்தக் கோரிக்கைதான் திரையில் முதலில் வந்து நின்றது. சற்று நேரத்தில் அவளே டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தை, அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லல. பாருங்க."

தம்பி மனைவி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அண்ணி, நீங்களே சம்மதம்னு அழுத்திடுங்க. போன் லாக் நம்பர் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாளாவது அது சிரிக்கட்டும்."

போனைக் கையில் வாங்கிவிட்டேன். அழுத்தினால் அவள் அப்பா பதில் சொன்னதாகிவிடும். நாளைக்கு இன்னொன்று கேட்டுவிட்டு வாசலில் போய் நிற்பாள். மறுத்தால், அவன் அவளுக்குச் சொன்ன கடைசிச் சொல் 'இல்லை' என்பதாகிவிடும். அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"அப்பா செத்துப்போயிட்டார்டா. இனிமே வரமாட்டார், பதிலும் சொல்லமாட்டார். இப்ப அழுத்தினா அது அத்தை அழுத்தறது. அழுத்தட்டுமா?"

"அப்பா மாதிரி கேப்பீங்களா?"

"இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். விரல் முட்டியைத் திரைக்கு மேல் பிடித்தேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம்," என்றாள்.

அந்தக் கோரிக்கை ஒரு நாள் கழித்துத் தானாகவே காலாவதியாகிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, தம்பி மனைவி மருந்துக்கடை வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். பள்ளியில் ஏதோ வாசிப்புச் செயலி கேட்கிறார்களாம்.

"பெற்றோர்னு வர்ற இடத்துல என் பேரைப் போட்டுக் குடுத்துடுங்க அண்ணி. அவர் போனை எத்தன நாள் சார்ஜ் போட்டு வெச்சிருக்கறது?"

அமைப்புகளைத் திறந்தேன். குழந்தை என் தோளில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றோரை மாற்ற விரும்புகிறீர்களா என்று திரை கேட்டது. அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும், உள்ளங்கையால் திரையை மூடினாள்.

"அப்பா பேரு இருக்கட்டும் அத்தை. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"எதுவுமே வேணாமாடி உனக்கு?" என்று சமையலறையிலிருந்து அவள் அம்மா கேட்டாள்.

"எதுவுமே வேணாம்."

சொன்னபடியே இருக்கிறாள். பள்ளிக்கான செயலியைத் தம்பி மனைவி தன் போனில் போட்டுக் காட்டுகிறாள். குழந்தை டேப்லெட்டில், இலவசமாகக் கிடைக்கும் கறுப்பிலும் பழுப்பிலும் வரைகிறாள். பெற்றோர் பெயரை மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை.