அரபுத்தமிழில் எழுதிய வானிலை

நான் செய்த வானிலை நிலையத்தைக் கண்டு முதலில் பயந்தவை காகங்கள். அடுத்துப் பயந்தவர்கள் படை முகாமிலிருந்து வந்த துப்பாக்கிக்காரர்கள். கடைசியாக, எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவன் அதைச் செய்த விஞ்ஞானி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

யுத்தம் முடியும் தறுவாயில் இருந்த காலம். கடல் எங்கள் பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு, நிந்தவூரில் சுனாமி வீட்டுத்திட்டத்தில் மாடி வீடொன்றில் இருந்தோம். வீட்டோடு தங்கச்சியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அவளுடைய பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது வாப்பாவின் சட்டம். எடுத்தால் உம்மா உடைந்துபோவார் என்று அவர் நினைத்தார்.

கடல் சொல்லாமல் வந்ததுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. இனி வருவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டு வரட்டும் என்று மொட்டை மாடியில் நிலையத்தை அமைத்தேன். நிவாரணத்தில் கிடைத்த சோலார் விளக்கு செத்துப்போயிருந்தது. அதன் தகடு சாகவில்லை. நான்கு யோகட் கப்புகளைப் பழைய சைக்கிள் அச்சில் பூட்டினேன். காற்றில் அவை ஒரு சுற்றுச் சுற்றினால் சிவப்பு பல்பு ஒரு தடவை மின்னும். மழையை அளக்க ஒரு சேலைன் போத்தல். மந்தாரம் போட்டால் தகட்டுக்கு வெயில் இல்லை, பல்பும் மின்னாது. மழை வரும் நேரம் மட்டும் வேலை செய்யாத வானிலை நிலையம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பரிகாரமாக வாப்பாவின் மோட்டார் சைக்கிள் பெட்டரியைக் கழற்றியது தனிக் கதை. அந்தக் கதையின் தழும்பு என் முதுகில் நெடுநாள் இருந்தது.

காற்று, மழை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பதிந்தேன். எனக்கு மூத்தவளான ராத்தா கொப்பி திருடி வாசித்துச் சிரிப்பதில் கெட்டிக்காரி. ஆகவே தமிழை அரபு எழுத்தில் எழுதினேன். அந்த அரபுத்தமிழ் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெவ்வை எனக்குச் சொல்லித்தந்தது. குர்ஆன் ஓதத் தெரிந்த ராத்தாவுக்கும் தமிழ் ஒலிகளுக்காக அதிலுள்ள மேலதிகப் புள்ளிகள் பிடிபடவில்லை. இரகசியம் காப்பதில் நான் அவ்வளவு பெரிய ஆள்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய ஒரு காலையில் முகாம்காரர்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகள் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில். பெண்களும் பிள்ளைகளும் மதிலோரம். வீடுகளைச் சோதித்தவர்கள் என் நிலையத்தை வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே கொப்பி.

அதிகாரி தமிழ் கதைப்பார், வாசிக்கமாட்டார்.

"இது யார்ட?"

மூன்று மாதமாக "என்ட, என்ட" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த வாய் எனக்கு. அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது. நாக்கு இருக்கிறதா என்று பல்லால் கடித்துப் பார்த்தேன். இருந்தது.

வரிசையிலிருந்து வாப்பா வெளியே வந்தார்.

"என்ட சேர். சாகாமத்தில வயல் இருக்கு. காத்து மழை பாக்க."

"கொப்பி?"

"அதும் என்டதான்."

அதிகாரி கொப்பியைப் புரட்டினார். பக்கம் பக்கமாக நேரம், எண்ணிக்கை, மேற்கே காட்டும் அம்புக்குறி. எங்கள் ஊருக்கு மேற்கேதான் முகாம் இருந்தது. காற்று அங்கிருந்து வந்ததற்கு நான் என்ன செய்ய?

"வாசி."

வாப்பா கொப்பியை இடப்பக்கமாகத் திறந்தார். நான் வலப்பக்கமிருந்து எழுதியிருந்தேன். அவர் கடைசிப் பக்கத்தை முதல் பக்கமாக வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். பொய் பிடிபட்டது அவருக்குத் தெரிந்தது, அதிகாரிக்கும் தெரிந்தது. ஒருவன் வாப்பாவின் கையைப் பின்னால் பிடித்தான். என் தோளில் இருந்த உம்மாவின் விரல்கள் சதைக்குள் இறங்கின.

"சேர், அது எனக்கு வாசிக்கலாம்" என்று லெவ்வை கைதூக்கினார். கொப்பியை வாங்கி, கிதாபு ஓதும் அதே ராகத்தில் தொடங்கினார்.

"காலை ஆறரை. கச்சான். பத்தொன்பது சுத்து. மழை இல்ல. வாப்பா, மந்தாரம்."

அதிகாரி நிமிர்ந்தார். "என்ன?"

"அப்பிடித்தான் கெடக்கு சேர். பின்னேரம். கச்சான். முப்பத்தொரு சுத்து. மழை இல்ல. வாப்பா, இடி மின்னல். காரணம், பெட்டரி."

துப்பாக்கிக்காரன் ஒருவன் சிரித்தான். பிறகு அதிகாரி சிரித்தார். அவர்கள் சிரித்த அளவுக்கு மட்டும் ஊர் சிரித்தது.

பக்கத்தைப் புரட்டிய லெவ்வை நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த இடம்... எழுத்து விளங்கல்ல சேர்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "ஏன் விளங்கல்ல?"

என் கையெழுத்தையா? அவரே மெச்சிய கையெழுத்தையா? அதுவரை ஒட்டிக்கிடந்த வாய் அப்போது பார்த்துத் திறந்துகொண்டது.

"விளங்கும் லெவ்வை! 'உம்மா மேல வந்தா. கடலப் பாத்து அழுதா. பதினெட்டு நிமிசம்' எண்டு கெடக்கு! மத்தப் பக்கங்களிலயும் கெடக்கு, பாருங்க. ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கன்!"

லெவ்வை கொப்பியைத் தாழ்த்தினார்.

"அம்மா ஏன் அழுற?" என்று அதிகாரி கேட்டார். அந்த வரிசையில் அதற்குப் பதில் தெரியாதவர் யாரும் இருக்கவில்லை. கையைப் பின்னால் முறுக்கியபோதுகூட நிமிர்ந்து நின்ற வாப்பா, அப்போது தலையைக் குனிந்தார்.

அதிகாரி கொப்பியை வாங்கி மூடி வாப்பாவிடமே கொடுத்தார். "சிவப்பு லைட் மட்டும் வேணாம்" என்றார். கையை விட்டார்கள்.

வழியெல்லாம் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அது அடியைவிடப் பயமாக இருந்தது. "லெவ்வைக்கே வாசிக்க ஏலாமப் போனத நான் வாசிச்சன் வாப்பா" என்று நினைவூட்டிப் பார்த்தேன். "ஓம் மகன்" என்றார், அவ்வளவுதான். பல வருடம் வரைக்கும் வாப்பாவை மீட்டவன் நானே என்று ஊரில் சொல்லித் திரிந்தேன்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு நிலையத்தைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். உம்மா வழக்கம்போல மேலே வந்து கடல் பக்கம் நின்றார். கொஞ்ச நேரத்தில், அதுவரை மொட்டை மாடிக்கே வராத வாப்பாவும் ஏறி வந்து உம்மாவின் பக்கத்தில் நின்றார். தங்கச்சியின் பேரைச் சொன்னார். ஒரு தடவைதான்.

"வாப்பா, தகட்டில நிழல் விழுது. ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கத்தினேன்.

தள்ளி நின்றார்கள். வாப்பாவின் தோள் குலுங்கியது, மூக்கை உறிஞ்சினார். நான் மணி பார்த்துக் கொப்பியில் எழுதினேன்: கச்சான். மழை இல்ல. வாப்பாவுக்குத் தடிமன்.