பௌர்ணமிக்கு எழுதிய புரோகிராம்

எத்தனை கம்ப்யூட்டர் மொழி தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும். எட்டு என்பேன். அதில் இரண்டு மறந்துபோனவை என்பதைச் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் சென்னையைக் காலி செய்துவிட்டுத் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டவள் நான். என் அக்கா செங்கம் ரோட்டில் பன்னிரண்டு அறை கொண்ட லாட்ஜ் நடத்துகிறாள். போன வருஷம் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது, அறைப் பதிவுக்குப் புது புரோகிராம் எழுதித் தருவதாக வலியப் போய்ச் சொன்னேன்.

பழையது ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியது. கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய காலத்தில் பட்டியல் வைத்துக்கொள்ளப் பலரும் நம்பியிருந்த மொழி. அதைப் பிரித்துப் படிக்க எனக்கு ஒரே ஆசை. ஒவ்வொரு மொழியும் யாரோ ஒருவருடைய சலிப்பில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மொழியை என்னால் தொட முடியாது.

அந்தப் பழைய புரோகிராமில் ஓர் இடத்தைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் ஊர் லாட்ஜுக்கு வாடிக்கையாக வருபவர்கள் தேதி சொல்லி அறை கேட்பதில்லை. “பௌர்ணமிக்கு ரூம் வைங்க” என்பார்கள், அவ்வளவுதான். அதற்காக அக்கா வருஷா வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிரிவல நாட்களைக் கையால் அடித்து வைத்திருந்தாள். நிலா எந்த நிமிஷம் முழுசாகிறது என்று கணக்கிட பைத்தான் மொழியில் நாலு வரி போதும். அக்காவின் பட்டியலைத் தூக்கிப் போட்டேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அக்கா போன் செய்தாள்.

“நீ எழுதினது என்ன பண்ணி வச்சிருக்குன்னு வந்து பாரு.”

லாட்ஜ் வாசலில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அவருக்குப் பேச்சு வர வேண்டும் என்று பன்னிரண்டு பௌர்ணமி விடாமல் மலை சுற்றுவதாக அந்த அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். மாதாமாதம் அவரை அறையில் படுக்கவைத்து, அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுற்றப் போவார். அன்று பன்னிரண்டாவது. என் புரோகிராமோ அவர்கள் அறையைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்கு வேறு யாருக்கோ கொடுத்திருந்தது. ஊரில் எங்கும் அறை இல்லை. கூட்டத்தில் அக்காவுக்கு உட்கார நேரமில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் முதலில் பைத்தானைத்தான் சந்தேகப்பட்டேன். கணக்கு சரியாகவே இருந்தது. செவ்வாய் காலையில்தான் நிலா முழுசாகிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் பௌர்ணமித் திதி முடிகிறது. திதி திங்கள் காலையிலேயே தொடங்கிவிட்டது, ஊரே திங்கள் சாயந்திரம் சுற்றுகிறது. ஆட்டோக்காரருக்குத் தெரியும், பூ விற்கும் அம்மாவுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த எனக்கும் தெரியாதா என்ன? எழுதும்போது நினைவுக்கே வரவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

“பதினொன்னு முடிச்சிட்டேம்மா. இவர இப்படி விட்டுட்டு எப்படிப் போவேன்?” என்றார் அந்த அம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“எங்க வீடு பின்னாடி தெருதாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் தயங்கினார். கணவர் போ போ என்பதுபோல் இடது கையை ஆட்டினார். மூன்று மணிக்கு அந்த அம்மா வெறுங்காலுடன் கிளம்பினார்.

வீட்டில் மோரை ஸ்பூனால் கொடுத்தேன். அவர் பார்வை மேஜையிலிருந்த லேப்டாப்பிலேயே இருந்தது. எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. குற்ற உணர்ச்சி வந்தால் நான் வளவளவென்று பேசுவேன்.

“ஆரம்பத்துல கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் எண்ணாவே எழுதினாங்க. அப்புறம் விஞ்ஞானிங்க சூத்திரத்த அப்படியே எழுதணும்னு ஃபோர்ட்ரான் வந்துச்சு. ஆபீஸ்ல இருக்கறவங்களும் படிச்சா புரியணும்னு கோபோல். பசங்க பயப்படாம கத்துக்கணும்னு பேசிக். மெஷினோட அடிமடியிலயே கை வைக்கறதுக்கு சி. எழுதறதும் படிக்கறதும் சுலபமா இருக்கணும்னு பைத்தான். ஆனா மெஷினுக்கு இதுல ஒண்ணும் புரியாதுங்க. எல்லாத்தையும் மறுபடி எண்ணா மாத்தித்தான் அதுக்குக் குடுக்கணும். இத்தன மொழியும் மனுஷங்களுக்காகத்தான்.”

சொல்லிக்கொண்டே, தவறு நடந்த அந்த நாலு வரியையும் காட்டினேன். அக்காவின் பட்டியலை எடுத்துவிட்ட கதையையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு கோணியது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து எழுந்தேன். தலையை ஆட்டினார். நெற்றி நரம்பு புடைத்தது.

“யா...ர... கேட்ட?”

லாட்ஜில் உட்கார்ந்து நான் அதை எழுதி முடிக்கும்வரை அக்கா பத்தடி தூரத்தில்தான் இருந்தாள்.

“யாரையும் கேக்கலீங்க” என்றேன்.

எட்டு மணிக்கு அந்த அம்மா வந்தார். பாதமெல்லாம் புழுதி.

“தொந்தரவு குடுத்தாரா?”

“பேசினாருங்க. ரெண்டு வார்த்த. தெளிவா.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கணவர் சாமி, மலை என்று ஏதாவது சொல்லியிருப்பார் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

“என்னம்மா சொன்னாரு?”

நல்லதாக வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. லாட்ஜ் அறை போனது யாரால் என்பதையும், அதற்கு அவர் என்னைக் கேட்டதையும், கேட்டபடியே சொன்னேன். அந்த அம்மா கணவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

“அவருதாம்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னையும் இதத்தான் கேப்பாரு.”